மாட்டாஸ்பத்திரியில் ஒரு நாய்

இன்றைக்கு எபிசோட் ஒரு பில்லில் இருந்து ஆரம்பிக்குது. மொத்தம் 18,400 ரூபாய். ஐந்து நாள் டிரிப், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாடிக், இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை. நோயாளி பெயர் மணி, வயது நாலு மாதம். திண்டிவனத்தில் எங்க தெருமுனையில் மழைக்கு ஒதுங்கி நின்ற குட்டியை அம்மா தூக்கிட்டு வந்தாங்க. வாங்கின விலைன்னு ஒண்ணும் கிடையாது.

ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை, நான் சென்னையில் ஆபீஸில் இருக்கேன். அம்மா போன் பண்ணி, "கண்ணு, மணி ரத்தமா பேதி போறான், தண்ணி வெச்சா கூட நிக்கல"ன்னு அழறாங்க. அடுத்த பஸ் பிடிச்சேன்.

அதற்குள் அவங்க மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. போர்டில் 'அரசு கால்நடை மருத்துவமனை' என்றுதான் இருக்கும். எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பார்வோ மாதிரி தெரியுது என்றார், ஊசி போட்டார், பைசா வாங்கவில்லை. ஆனா இதற்கு ராத்திரியும் டிரிப் ஓடணும், பக்கத்தில் ஆள் இருந்து பார்க்கணும், இங்கே அந்த வசதி இல்லைன்னு நேராகச் சொல்லிட்டார். பக்கத்தில் மடி வீங்கின ஒரு பசுவுக்கு முழு வைத்தியமும் நடந்து முடிந்தது, அதுவும் இலவசம்.

வேப்பேரி கல்லூரி மருத்துவமனை 125 கிலோமீட்டர் தள்ளி. புதுச்சேரி குரும்பாபேட்டில் 1994-ல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அது 40 கிலோமீட்டர். கடைசியில் விழுப்புரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். காரணம் ரொம்ப சிம்பிள்: அங்கே அத்தை வீடு இருக்கு, ராத்திரி தங்கலாம். பில்லில் ஏமாற்று எதுவும் இருந்ததா எனக்குத் தோணல. டிரிப் பாட்டில், ஊசி, ஆள் கூலி எல்லாத்துக்கும் விலை இருக்கு.

இரண்டாவது நாள் அப்பா கேட்டார்: "ஏன்டா, நம்ம வீட்ல பன்னெண்டு வருஷம் பசு இருந்துச்சு. அதுக்கு ஒரு தடவையாவது இவ்ளோ செலவு பண்ணியிருக்கோமா?"

பண்ணலை. ஏன்னு தேடப் போய்த்தான் இந்த எபிசோட்.

உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சில் லியோன் நகரத்தில் 1762-ல் பாடம் நடத்த ஆரம்பித்தது. தொடங்கின குளோத் பூர்ஜலா ஒரு குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். அரசாங்கம் காசு கொடுத்ததற்குப் பெரிய காரணம், ஐரோப்பாவில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கொள்ளைநோய். ஆக, குதிரையும் மாடும். ஒன்று ராணுவத்துக்கு, இன்னொன்று சோத்துக்கு. இங்கேயும் அதே கதைதான். ஓசூரில் 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கால்நடைப் பண்ணை வைத்தது ராணுவக் குதிரைகளுக்காக.

அந்த மாட்டுக் கொள்ளைநோய்க்குத் தமிழில் வெக்கை நோய்னு பேர். எங்க பாட்டிக்கு அந்த வார்த்தை தெரியும், எனக்கு விக்கிபீடியாவில்தான் தெரியும். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. எதிர்ப்புச் சக்தி இல்லாத மந்தையில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடு போகும். அன்றைக்கு எருது போச்சுன்னா உழவு இல்லை, கவலை ஏற்றம் இல்லை, வண்டி இல்லை. விளைச்சல் இல்லைன்னா நிலவரியும் இல்லை! வெள்ளைக்காரன் 1871-லேயே மாட்டுக் கொள்ளைநோய்க்கு ஒரு கமிஷன் அறிக்கை போட்டதுக்கு மாட்டு மேல பாசம்தான் காரணம்னு நான் நம்பல.

1903-ல் சைதாப்பேட்டையில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமாச்சு. கொஞ்ச நாளில் வேப்பேரிக்கு மாறியது. 1932-ல் ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனம் வந்தது, முக்கியமா வெக்கை நோய்க்கு சீரம் தயாரிக்க. இன்றைக்கும் கால்நடைத் தடுப்பூசி செய்யற அதே இடம். 1954-ல் தேசிய ஒழிப்புத் திட்டம். ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாகப் போய் இலவசமாக ஊசி. மாட்டாஸ்பத்திரிகள் இவ்வளவு கிராமங்களுக்குப் பரவினதில் இந்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகப் பதிவானது எங்கே தெரியுமா? 1995-ல், தமிழ்நாட்டில், வட ஆற்காட்டில். எங்க மாவட்டத்துக்குப் பக்கத்து வீடு. அப்போ விழுப்புரம் மாவட்டம் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகல. 2011-ல் உலகத்திலேயே இந்த நோய் ஒழிந்துவிட்டதுன்னு அறிவித்தார்கள். மனிதன் முழுசா ஒழித்தது இதுவரை இரண்டே நோய். முதலாவது பெரியம்மை. ஒரு சின்ன ஊர் மாட்டாஸ்பத்திரி கட்டடத்தைப் பார்க்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராது, எனக்கும் வந்ததில்லை.

சரி, இதில் நாய் எங்கே? அரசு ஆவணத்தில் நாய் தீவிரமாக நுழைவது கடிக்கும்போது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போ சிகிச்சை இருந்த பாஸ்டர் நிறுவனம் வடக்கே கசௌலியில். நேரத்துக்குப் போய்ச் சேர முடியல. அந்தச் சாவுக்குப் பிறகு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் சேர்ந்து, 1907-ல் குன்னூரில் தென்னிந்தியாவின் பாஸ்டர் நிறுவனம் வந்தது. அருமையான நிறுவனம். காப்பாற்றினது நாயை இல்லை, நாய் கடித்த மனிதரை.

வெளிநாட்டில் கார் வந்து குதிரை போனதும் மருத்துவர்கள் மெதுவா நாய், பூனை பக்கம் திரும்பினார்கள். காசில்லாதவங்க நாய்க்கு என்ன பண்றது? லண்டனில் மரியா டிக்கின் 1917-ல் ஏழைகள் வளர்க்கும் பிராணிகளுக்கு இலவச மருத்துவம் ஆரம்பித்தார், அரசாங்கத்தை நம்பி இல்லை, நன்கொடையில். சென்னைக்கு 1959-லிருந்து புளூ கிராஸ் இருக்கு. திண்டிவனத்துக்கு?

மணிக்கு வந்த பார்வோ, எங்க அப்பாவைவிட வயசு குறைந்த நோய். 1978-ல்தான் உலகம் அதைக் கவனித்தது. பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். கோடில் நாலு இடம் மாறினா புரோகிராம் வேற மெஷினில் ஓடற மாதிரி, அது நாய் உடம்பில் ஓட ஆரம்பித்தது. ஓரிரு வருஷத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. வைரஸைக் கொல்ல நம்ம ஊர் கிளினிக்கில் மருந்து கிடையாது. நீர்ச்சத்து போகாமல் பார்த்துக்கிட்டு, குடலில் வேற கிருமி ஏறாமல் தடுத்துக்கிட்டு, உடம்பு தானா ஜெயிக்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்கணும். பில் முழுக்க அந்தத் தாங்கிப் பிடிக்கறதுக்குத்தான்.

தடுப்பூசி இருக்கு. சில நூறு ரூபாய். பிப்ரவரியில் அம்மா கேட்டப்போ, "நாட்டு நாய்மா, அதெல்லாம் தாங்கிடும்"னு சொன்னது நான்தான்.

நாலாவது நாள் காலையில் மணி தலையைத் தூக்கித் தண்ணி குடிச்சு, வாந்தி எடுக்கல. அத்தை எனக்கு வீடியோ அனுப்பினாங்க. பதினோரு செகண்டு. அதை எத்தனை தடவை பார்த்தேன்னு சொன்னா சிரிப்பீங்க.

ஜூலை 6-ஆம் தேதி, பாஸ்டர் 1885-ல் முதல் தடவை ஒரு பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட நாள். அந்த நாளில் அரசு மருத்துவமனைகளில் நாய்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி இலவசம். அம்மா மணியைக் கூட்டிட்டுப் போய் வரிசையில் நின்னாங்க. அதே மாட்டாஸ்பத்திரி, அதே டாக்டர். மணியை அடையாளம் கண்டுபிடிச்சு, "இவன் பொழச்சிட்டானா!"ன்னு கேட்டாராம். ஊசி போட்டு அட்டையில் எழுதிக் கொடுத்துட்டு, பார்வோ ஊசியை மட்டும் வெளியே மறக்காம போட்டுக்கங்கம்மான்னு சொல்லி அனுப்பினார்.