ஒரே அணுக்கரு, இரண்டு ஆயுள்

அடுத்த முறை ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் செங்கற்பட்டு வண்டிக்குக் காத்திருக்கும்போது, தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கருங்கல் ஜல்லியைச் சற்றுப் பாருங்கள். பூமியின் மேலோட்டுப் பாறைகளில் சராசரியாக ஒரு டன்னுக்கு 2 அல்லது 3 கிராம் யுரேனியம் கலந்திருக்கிறது. அந்த ஜல்லியையும் சராசரிக் கல் என்று கொண்டால், ஒரு கிலோ ஜல்லியில் விநாடிக்குச் சுமார் 30 யுரேனியம்-238 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. அச்சிதைவின் வழியில் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது.

யுரேனியம்-238 ஆல்ஃபாத் துகளை வெளியிட்டுத் தோரியம்-234 ஆகிறது. தோரியம் பீட்டாத் துகளை வெளியிட்டுப் புரோடாக்டினியம்-234 ஆகிறது. இதில் 91 புரோட்டான்கள், 143 நியூட்ரான்கள். நியூட்ரான் மிகுந்த இந்த அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, இன்னொரு பீட்டாத் துகள் வெளியேறுகிறது, யுரேனியம்-234 பிறக்கிறது.

இந்தப் புரோடாக்டினியத்தை 1913-ல் ஃபயான்ஸ், கோரிங் என்ற இருவர் கண்டனர். அதன் அரை ஆயுள் 70 விநாடியே. ஆகவே 'குறுகியது' என்று பொருள்படப் 'பிரீவியம்' எனப் பெயரிட்டனர். 1921-ல் பெர்லினில் ஓட்டோ ஹான் யுரேனிய உப்புகளை ஆராய்ந்தபோது, மிக நலிந்த மற்றொரு கதிரியக்கம் தென்பட்டது. அரை ஆயுள் 6.7 மணி. அசுத்தம் என்று அதை ஒதுக்கியிருக்கலாம், ஹான் ஒதுக்கவில்லை. வேதியியல் சோதனைகளில் அதுவும் புரோடாக்டினியமே! தாயும் ஒன்று, தனிமமும் ஒன்று, நிறை எண்ணும் ஒன்று. ஆயுள் மட்டும் வேறு. எப்படி?

விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1935-ல் லெனின்கிராடில் குர்ச்சாத்தவ் குழுவினர் புரோமினிலும் இத்தகைய இரட்டை ஆயுளைக் கண்டனர். 1936-ல் வைசேக்கர் விளக்கினார்: அணுக்கரு சில வேளைகளில் அடிநிலைக்குச் சற்று மேலான ஆற்றல் நிலையில் தங்கிவிடும். இரு நிலைகளின் தற்சுழற்சியில் பெரும் வேறுபாடு இருந்தால் கீழே இறங்குவது கடினம். இவ்வாறு தங்கும் கருவே 'ஐசோமர்'.

மாடியிலிருப்பவர் படியிறங்கி வாசல் வழியே போவதுதான் வழக்கம். படிக்கட்டு மிகக் குறுகலாயிருந்தால்? மாடியிலிருந்தே பக்கத்து வீட்டுக்குத் தாண்டிவிடலாம் அல்லவா! பிரீவியம் இப்படிப்பட்ட மாடிவாசி. ஆயிரத்தில் ஒன்றிரண்டே அடிநிலைக்கு இறங்குகின்றன. ஹான் கண்டது அவற்றைத்தான். மற்றவை மேலிருந்தபடியே பீட்டாச் சிதைவு அடைகின்றன.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. இதே மாவட்டத்தின் கடலோரத்தில், கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் இயற்கை யுரேனியம். யுரேனியத்தின் ஆல்ஃபாத் துகளை ஒரு காகிதத்தாளே தடுத்துவிடும். ஆனால் தூய்மை செய்த யுரேனியத்திலும் சில மாதங்களில் பிரீவியம் மீண்டும் நிறைந்துவிடுகிறது. அதன் பீட்டாத் துகளைத் தடுக்கச் சில மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு வேண்டும். யுரேனியத்தைக் கையாளும் தொழிலாளியின் தோலைக் காக்கும் கணக்கில் முதலிடம் பெறுவது, 70 விநாடி அரை ஆயுள் கொண்ட இந்த ஐசோமரே.