இன்சுலினும் சில சிஸ்டர்களும்

போன வருஷம் அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சாங்க. டாக்டர் ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதிட்டு அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டார். அப்புறம் ஒரு சிஸ்டர்தான் எங்களை ஓரமா உட்கார வெச்சு, வயித்துல எங்கே குத்தணும், ஏன் தினமும் இடம் மாத்தணும், கை நடுங்கி வேர்த்துக் கொட்டினா என்ன பண்ணணும்னு முக்கால் மணி நேரம் பொறுமையா சொல்லிக் கொடுத்தாங்க. அப்பா ரெண்டு தடவை தப்பா பண்ணினார். மூணாவது தடவை நான் பண்ணிக் காட்டறேன்னு வாங்கி, நானும் தப்பா பண்ணினேன் :-)

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சாச்சு. (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். டோஸ் சந்தேகமெல்லாம் என்கிட்ட கேட்காதீங்க.) எங்கே பார்த்தாலும் டொராண்டோ, பாண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப், 1923 நோபல் பரிசு, அதுக்கு நடந்த குடுமிப்பிடி சண்டை. சுவாரசியமான கதைதான், ஆனா எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்கு வேற ஒரு கேள்வி. மருந்தைக் கண்டுபிடிச்சவங்க நாலு பேர், சரி. அந்த நோயாளிகளோட ராத்திரியும் பகலும் உட்கார்ந்திருந்தது யார்?

இன்சுலினுக்கு முன்னாடி போகணும். 1910கள்ல சர்க்கரை நோய் வந்த குழந்தைன்னா நாள் எண்ண வேண்டியதுதான். அப்போ நியூயார்க்ல பிரடெரிக் ஆலன்னு ஒரு டாக்டர் ஒரு வழி சொன்னார். பட்டினி. சிறுநீர்ல சர்க்கரை நிக்கிற வரைக்கும் சாப்பாடு கிடையாது. நின்னதும் கொஞ்சம் கொஞ்சமா உணவைக் கூட்டணும். எந்த அளவுல மறுபடி சர்க்கரை தெரியுதோ அதுதான் எல்லை, அதைத் தாண்டக் கூடாது. நம்ம பாஷையில சொன்னா லோட் டெஸ்டிங். என்ன, சர்வர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு குழந்தை.

இதைச் சொன்னது டாக்டர். செஞ்சது நர்சுகள். ஒவ்வொரு கவளத்தையும் கிராம் கணக்குல தராசுல நிறுத்துக் கொடுக்கணும். காய்கறியில இருக்கிற கொஞ்சநஞ்ச மாவுச்சத்தும் போகணும்னு மூணு தடவை வேக வெச்சு, மூணு தடவையும் தண்ணியைக் கொட்டிடணும். 24 மணி நேர சிறுநீரையும் சேர்த்து வெச்சுப் பரிசோதிக்கணும். பள்ளிக்கூட லேப்ல பண்ணின அதே பெனடிக்ட் சோதனைதான். 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டு சிறுநீர், கொதிக்க விட்டா நிறம் மாறும். நீலமாவே இருந்தா நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு போய் செங்கல் சிவப்பு வந்தா, அந்தக் குழந்தைக்கு மறுபடியும் பட்டினி.

ஆலன் எழுதி வெச்ச நோயாளிகள்ல ஒரு 12 வயசுப் பையன் இருக்கான். சர்க்கரை நோயால கண்பார்வை போயிடுச்சு. எழுந்திருக்கக்கூட தெம்பில்லை, தனியா வெச்சுக் காவல் காக்கறாங்க. அப்படியும் சிறுநீர்ல சர்க்கரை தெரியுது. எப்படி? விளையாடறதுக்கு ஆசைப்பட்டுக் கேட்டான்னு ஒரு கனாரி குருவி கொடுத்திருக்காங்க. அந்தக் கூண்டுல இருந்த தானியத்தைத் தின்னிருக்கான். பற்பசையைத் தின்னிருக்கான். ரொம்ப நாள் இல்லவே இல்லைன்னு சாதிச்சு, கடைசியில ஒத்துக்கிட்டான். அப்புறம் உணவைக் கறாரா கட்டுப்படுத்தினாங்க. பையன் பட்டினியால செத்துப் போனான். இதைப் படிச்சிட்டு கம்ப்யூட்டரை மூடிட்டுப் போயிட்டேன். அந்தப் பையனைப் பார்த்துக்கிட்ட நர்ஸ் அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டிருப்பாங்க?

இன்னொரு குழந்தைக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு. எலிசபெத் ஹியூஸ். அப்பா சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ், 1916ல அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல நின்னு தோத்தவர், 1921ல வெளியுறவு அமைச்சர் ஆனவர். 1919ல எலிசபெத்துக்கு 11 வயசுல நோய் தெரிஞ்சுது. ஆலன்கிட்டதான் வைத்தியம். கூடவே இருக்க பிளான்ச் பர்கெஸ்னு ஒரு நர்ஸை வெச்சாங்க. பெர்முடாவுக்குப் போனாலும் பிளான்ச், டொராண்டோ போனாலும் பிளான்ச். பிறந்தநாளுக்கு கேக் கிடையாது, ஒரு தொப்பிப் பெட்டிக்கு கலர் காகிதம் ஒட்டி மேலே மெழுகுவர்த்தி. 1922 ஆகஸ்ட்ல பாண்டிங் முன்னாடி போய் நின்னப்போ வயசு 15 ஆகப் போகுது, எடை 20 கிலோதான். அதுவரைக்கும் உயிரோட இருந்ததே தராசு பிடிச்ச கையாலதான்னு எனக்குத் தோணுது. இன்சுலின் கிடைச்சு, கல்யாணம் பண்ணி, மூணு பிள்ளைகள் பெத்து, 1981 வரைக்கும் இருந்தாங்க.

சரி, இன்சுலின் வந்ததும் நர்சுக்கு வேலை குறைஞ்சுதா? அதான் இல்லை, கூடிடுச்சு. ஆரம்ப கால மருந்து ஒரு தயாரிப்புல இருந்த வீரியம் அடுத்த தயாரிப்புல இருக்காது. அதுவரைக்கும் சர்க்கரை ஏறாம காவல் காத்தவங்க, இப்ப தடாலடியா இறங்காமலும் பார்க்கணும். வேர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், உடனே ஆரஞ்சு ஜூஸ். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைக்கணும், மொக்கையான ஊசியைக் கல்லுல தீட்டணும். அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை.

இது புரிஞ்ச ஒரு டாக்டர், பாஸ்டன்ல இருந்த எலியட் ஜாஸ்லின். டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படிக்கணும்னு 1918லயே கையேடு போட்டவர். அவர் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகளோட வீட்டுக்கே அனுப்பினார். ஊர் சுத்தற நர்சுகள்னே அவங்களுக்குப் பேர். எடை போடறது, சோதனை பண்றது, ஊசி போட்டுக்கறதுன்னு எல்லாம் அந்த வீட்டு சமையலறையிலேயே கத்துக் கொடுப்பாங்க. ஜாஸ்லின்கிட்ட முதன்முதலா இன்சுலின் போட்டுக்கிட்டது யார் தெரியுமா? எலிசபெத் மட்ஜ். 1922 ஆகஸ்ட் 7. அவங்களே ஒரு நர்ஸ்தான். பல மாசமா வீட்டை விட்டு வெளியே வர முடியாம எலும்பும் தோலுமா கிடந்தவங்க, சில வாரத்துல நடக்க ஆரம்பிச்சாங்க.

எங்க அப்பா இப்ப தானே போட்டுக்கறார். ரெண்டே செகண்ட், அழகா பென்னை அழுத்திட்டு பேப்பர் படிக்கப் போயிடறார். 'லோ' ஆனா போட்டுக்கச் சொல்லி அந்த சிஸ்டர் சொன்ன மிட்டாய் எப்பவும் சட்டைப்பையில இருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை அது காணாமப் போகுது. கேட்டா, "லேசா நடுங்கற மாதிரி இருந்துச்சுடா"ன்னு முகத்தைத் திருப்பிக்கறார். மீட்டரை எடுத்துட்டு வந்தா 180 காட்டுது. திட்டலாம்னு வாயைத் திறப்பேன், அந்த கனாரி குருவி ஞாபகம் வந்துடும்.