எதிரெதிரே இரண்டு மாளிகைகள்

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் பெங்களூரில் நாம் முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது விதான சௌதாவைத்தான். நாட்காட்டியிலும் கண்காட்சியிலும் அதே மாளிகைதான் விளக்கலங்காரத்தில் ஜொலிக்கும். ஒன்றைக் கவனித்தீர்களா? பெரும்பாலான படங்களில் மனிதரே இருக்கமாட்டார்கள். மக்களாட்சிக்கென எழுப்பிய கட்டடத்தை மக்கள் இல்லாமல் படம் பிடிக்கிறோம்!

இந்நகரின் பொதுக் கட்டடங்களைப் பற்றி நம் சங்கம் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்க வேண்டும் என்பது அடியேனின் நெடுநாள் ஆசை. அப்படி வைத்தால் எந்தெந்தப் படங்கள் வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுத வேண்டும் என்று யோசித்ததன் பலனே இக்கட்டுரை.

முதல் படம், விதான சௌதாவுக்கு எதிரே நிற்கும் சிவப்பு மாளிகையாகிய அட்டாரா கச்சேரி. இந்துஸ்தானியில் 'அட்டாரா' என்றால் பதினெட்டு. அரசின் 18 இலாகாக்கள் இங்கே இயங்கியதால் வந்த பெயர். 1864இல் தொடங்கி 1868இல் முடித்தார்கள். அப்போது மைசூர் நாடு ஆங்கிலேய கமிஷனரின் ஆட்சியில் இருந்தது. கட்டிக்கொடுத்தவர் யார் தெரியுமா? ஆற்காடு நாராயணசாமி முதலியார். எங்கள் ஆற்காட்டின் பெயரைத் தாங்கியவர். வணிகராகவும் ஒப்பந்தக்காரராகவும் உயர்ந்தவர். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியவரும் அவரே. படத்தின் கீழே அவர் பெயரை அவசியம் போட வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மாளிகை எழுந்தபோது, அங்கே நடந்த ஆட்சியில் மக்களுக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து 1881. ஆட்சி மீண்டும் மன்னர் கைக்கு வந்த ஆண்டு. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த திவான் ரங்காசார்லு, அதே ஆண்டு அக்டோபரில் மைசூரில் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். வந்தவர்கள் 144 பேர், குடியானவர்களும் வியாபாரிகளும். அன்று அவர்கள் தேர்தலில் வென்று வந்தவர்கள் அல்லர், தேர்ந்து அனுப்பப்பட்டவர்கள். சட்டம் இயற்றும் அதிகாரமும் இல்லை. குறைகளைச் சொல்லலாம், பதிலைக் கேட்கலாம். இருந்தாலும் ஆள்பவர் எதிரே உட்கார்ந்து பேசும் பழக்கம் அங்கேதான் பிறந்தது. அதற்கு முன் நின்றுகொண்டல்லவா பேச வேண்டியிருந்தது!

மூன்றாவது படத்துக்கு விதான சௌதாவின் கல். சுதந்திரத்துக்குப் பின் சட்டசபையும் அட்டாரா கச்சேரியிலேயே ஒண்டிக்கொண்டிருந்தது. முதலமைச்சர் கே.சி. ரெட்டி காலத்தில் புதுக் கட்டடத்துக்கு முடிவாகி, 1951 ஜூலை 13 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1952இல் முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையா அந்தச் சிறிய திட்டத்தையே மாற்றிவிட்டார். ஊரைச் சுற்றிப் பார்த்த ருஷ்யக் குழுவினர், "உங்களுக்கென்று சொந்தக் கட்டடக் கலை கிடையாதா?" என்று கேட்டதே காரணம் என்பார்கள். திராவிடக் கோயில் மரபில் தூணும் விமானமும் வைத்து, பொறியாளர் பி.ஆர். மாணிக்கம் வடிவமைத்தார். ஆயிரக்கணக்கான கூலியாட்கள், கல்தச்சர்களோடு சிறைக் கைதிகளும் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கைகளுக்கும் ஒரு படம் ஒதுக்க வேண்டும்.

செலவு சுமார் 1.84 கோடி ரூபாய். வீண் ஆடம்பரம் என்று பலமான கண்டனம் எழுந்தது. சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் 1956 ஆகஸ்டில் ஹனுமந்தையா பதவி விலகினார். மாளிகை அதே ஆண்டு முடிந்தது. முதலமைச்சராக அதில் உட்காரும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. இதைப் படித்தபோது முதலில் வருத்தமாக இருந்தது. யோசித்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அரண்மனை கட்டிய ராஜாவிடம் யார் கணக்குக் கேட்க முடியும்? இங்கே கேட்டார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, அந்தத் தூண்களைவிட இந்தக் கேள்விதான் உயரமாகத் தெரிகிறது.

நான்காவது படம், வாசல் முகப்பில் பொறித்த வாசகம். அரசாங்க வேலை ஆண்டவன் வேலை என்பது அதன் பொருள். உள்ளே வேலை பார்ப்பவர் அதைத் தமக்குக் கிடைத்த பெருமை என்று படித்தால் தப்பு. ஆண்டவன் வேலை என்றால், வாசலில் நிற்பவனைக் காக்க வைக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்?

ஐந்தாவது படம் படிக்கட்டு. நான் வியாபாரி, எந்தக் கட்டடத்தையும் வாசலிலிருந்துதான் அளப்பேன். கடை எவ்வளவு பெரிதானாலும் வாசல் குறுகினால் வாடிக்கையாளர் ஏறமாட்டார். இங்கே 45 படிகள். அகலம் 200 அடிக்கும் மேல். ஒரு ஊரே ஒன்றாக ஏறலாம் என்று கட்டிய படிக்கட்டு இது! பின்னாளில் பாதுகாப்புக்காகச் சுற்றிலும் வேலி வந்தது, அனுமதிச் சீட்டு வந்தது. காலம் அப்படி, குறை சொல்லிப் பயனில்லை. 2025இல் விடுமுறை நாட்களில் பொதுமக்களைக் கட்டணத்தின்பேரில் வழிகாட்டியோடு உள்ளே அழைத்துச் சென்று காட்டும் ஏற்பாடு தொடங்கியது நல்ல செய்தி.

கடைசிப் படம் மறுபடியும் அட்டாரா கச்சேரி. 1980களில் அதை இடிக்கத் திட்டமிட்டபோது குடிமக்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றம் இயங்கியதும் அதே மாளிகையில்தான்! மாளிகை பிழைத்தது. ஒரு காலத்தில் மனுவோடு காத்திருந்த மக்கள், அந்த மாளிகைக்காகவே மனு கொடுத்தார்கள். எதிரெதிரே நிற்கும் இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சாலைதான். அதைக் கடக்க ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே ஓட்டுப் போடுகிறார்கள். இது வேற்றூர் மாளிகை அல்ல, அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய இடம் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அடுத்த முறை படம் எடுக்கும்போது தூண்களை மட்டும் எடுக்காதீர்கள். படிக்கட்டையும் எடுங்கள், ஆட்களோடு எடுங்கள்.