வனத்து அந்தோனியாரும் பாலைவனத் தந்தையரும்

நம் பங்கில் அந்தோனி என்னும் பெயர் வழங்காத தெரு இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்தோனிசாமி, அந்தோனிமுத்து, அந்தோனியம்மாள் என்று அப்பெயர் கண்ணில் படும். ஆனால் பெயரைச் சொன்னதும் நம் மனக்கண்முன் நிற்பவர், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய பதுவைப் பதியராம் கோடி அற்புதரே. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பெர்னாந்து. 1220-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டுக் கோயிம்பிரா நகருக்கு அருகே பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தபோது, அங்கிருந்த சிற்றாலயத்தின் பாதுகாவலருடைய பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அந்தப் பாதுகாவலர்தான் ஜனவரி 17-ஆம் நாள் நாம் திருநாள் கொண்டாடும் வனத்து அந்தோனியார். பெயரைக் கொடுத்த அந்த மூத்தவரைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

கி.பி. 251-ஆம் ஆண்டளவில் எகிப்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில், வசதி படைத்த கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பதினெட்டு, இருபது வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். எஞ்சியவை ஒரு தங்கையும், நம் கணக்கில் ஏறக்குறைய 200 ஏக்கர் நல்ல விளைநிலமும். ஆறு மாதம் கழியுமுன் ஒரு நாள் கோவிலுக்குப் போனவர் காதில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி செல்வந்தனான இளைஞனுக்கு ஆண்டவர் சொன்ன நற்செய்திப் பகுதி விழுந்தது. நாமும் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்! அவர் வெளியே வந்ததும் நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். தட்டுமுட்டுச் சாமான்களை விற்று ஏழைகளுக்குப் பங்கிட்டார். தங்கைக்கென்று வைத்திருந்த சிறு தொகையையும் பின்னர் கொடுத்துவிட்டு, அவளை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்தார். அன்று அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டதோ, யாரும் எழுதி வைக்கவில்லை. அவளும் கன்னியாகவே முதுமையடைந்து மற்றக் கன்னியருக்கு வழிகாட்டியாக விளங்கியதைப் பல ஆண்டுகளுக்குப் பின் அண்ணன் கண்டு மகிழ்ந்தார் என்று மட்டும் அறிகிறோம்.

முதலில் ஊரோரத்திலும், பின் ஒரு கல்லறைக் குகையிலும் தவம் செய்தார். 35-ஆம் வயதில் நைல் நதியைக் கடந்து, பாழடைந்த கோட்டையொன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். ஆண்டுக்கு இருமுறை நண்பர்கள் ரொட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். பசாசுகள் அவரை அடித்துத் துன்புறுத்திய வரலாற்றை ஓவியர்கள் விதவிதமாகத் தீட்டியிருப்பதால் அதை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் தவசி என்றால் உலகத்தை மறந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. 311-ஆம் ஆண்டளவில் மாக்சிமீனுஸ் மன்னனின் வேதகலாபனை மூண்டபோது, அவர் வனத்தை விட்டு அலெக்சாந்திரியா நகருக்குச் சென்று, சுரங்கங்களிலும் சிறைகளிலும் வாடிய விசுவாசிகளுக்கு ஊழியம் செய்தார். கலாபனை ஓய்ந்தபின் செங்கடல் பக்கத்து மலையடிவாரத்தில் குடியேறினார். தமக்காகப் பிறர் ரொட்டி சுமந்து பாலைவனத்தில் வருந்துவதைக் கண்டு, மண்வெட்டியும் கோடரியும் கொஞ்சம் விதைத் தானியமும் வரவழைத்துத் தாமே பயிரிட்டு உண்டார்.

இவற்றையெல்லாம் எழுதியவர் அலெக்சாந்திரியாவின் மேற்றிராணியார் புனித அத்தனாசியார். அவரை நேரில் அறிந்தவர். 356-ல் அவர் தமது 105-ஆம் வயதில் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதினார். 386-ல் மிலான் நகரில் இந்த வனத்துத் தவசியைப் பற்றிக் கேட்டது, புனித அகுஸ்தீனாரின் மனமாற்றத்துக்கே ஒரு தூண்டுகோலாயிற்று.

அந்நூலில் புதுமைகளுக்குக் குறைவில்லை. மார்த்தினியான் என்னும் படைத்தலைவர் பசாசினால் வாதிக்கப்பட்ட தம் மகளுக்காக வந்து, நெடுநேரம் கதவைத் தட்டினார். அந்தோனியார் கதவைத் திறக்கவேயில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்து, தாமும் அவரைப்போல ஒரு மனிதன்தான் என்றும், தாம் வழிபடும் கிறிஸ்துவிடம் விசுவாசம் இருந்தால் அவரே போய் இறைவனை மன்றாடலாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். தந்தை அவ்வாறே கிறிஸ்துவைக் கூவியழைத்தார், மகள் குணமடைந்தாள்.

இதைவிட என் மனத்தைத் தொட்டது வேறொரு நிகழ்ச்சி. இரண்டு சகோதரர்கள் அவரைக் காண வரும் வழியில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. ஒருவர் இறந்தார்; மற்றவர் சாவை எதிர்பார்த்துத் தரையில் கிடந்தார். மலைமேல் இருந்த அந்தோனியாருக்கு இது செபத்தில் வெளிப்பட்டது. அருகிலிருந்த இரு துறவிகளிடம் ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்து ஓடச் சொன்னார். ஒரு நாள் பயணத் தொலைவு. அவர்கள் போய், இறந்தவரை அடக்கம் செய்து, மற்றவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அழைத்து வந்தார்கள்.

முதல் சகோதரர் இறக்குமுன் ஏன் வெளிப்படவில்லை? இந்தக் கேள்வியை நாம் கேட்கவேண்டியதில்லை. அத்தனாசியாரே தமது நூலில் எழுப்புகிறார். சாவைத் தீர்ப்பது அந்தோனியார் அல்ல, இறைவன். ஒருவரைப் பற்றி முடிவு செய்தவரும், மற்றவரைப் பற்றி வெளிப்படுத்தியவரும் அவரே என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இறந்தவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் புதுமை இன்னும் பெரிதாகத் தோன்றியிருக்கும். அவர் விடவில்லை. மன்றாட்டுக் கேட்கப்பட்டபோது அந்தோனியார் பெருமை கொண்டதில்லை, கேட்கப்படாதபோது முறுமுறுத்ததுமில்லை என்று வேறோரிடத்தில் எழுதுகிறார். ஆக, அவரது மன்றாட்டும் பலமுறை கேட்கப்படாமல் போயிருக்கிறது! நேர்ச்சை செலுத்தி, நவநாள் முடித்து, பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த வீடுகள் எந்தப் பங்கில் இல்லை? அவ்வீட்டாரிடம் விசுவாசம் போதவில்லை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்நூலைப் படித்தவர் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்.

பாலைவனத் தந்தையரின் கதைகள் வாய்வழியே பரவியவை. மடத்துக்கு மடம் அவை மாறுவதும் உண்டு. குள்ளர் யோவான் என்னும் சீடனிடம் முதியவர் ஒரு காய்ந்த கம்பை நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னாராம். மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் திரும்பலாம். அவ்வளவு தொலைவில் தண்ணீர். மூன்றாண்டு கழித்துக் கம்பு தளிர்த்துக் காய்த்ததாம். முதியவர் அக்கனியைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சகோதரர்களுக்குக் கொடுத்தாராம். ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் கசியான் என்னும் துறவி இதே கதையை மற்றொரு யோவானைப் பற்றி எழுதுகிறார். அதில் ஓராண்டு முழுதும் தண்ணீர் ஊற்றியும் கம்பு கம்பாகவே நிற்கிறது. வேர் விட்டதா என்று முதியவர் கேட்கிறார். தெரியாது என்கிறான் சீடன். அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார். அவ்வளவுதான். எனக்கென்னவோ இந்த இரண்டாம் யோவான்மேல்தான் மதிப்பு அதிகம்.

வனத்துச் சின்னப்பரையும் இங்கே நினைக்கவேண்டும். அவரது வரலாற்றை எழுதியவர் புனித எரோணிமுஸ். தேசியுஸ் மன்னனின் கலாபனைக்கு அஞ்சி இளவயதில் வனம் புகுந்த சின்னப்பருக்கு ஒரு காகம் 60 ஆண்டுகளாகத் தினம் அரை ரொட்டி கொண்டுவந்ததும், அந்தோனியார் விருந்தாளியாகச் சென்ற அன்று முழு ரொட்டி வந்ததும், அதை யார் பிட்பது என்று இரு கிழவர்களும் பொழுது சாயும்வரை ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்ததும் நாம் கேட்டு மகிழ்ந்த கதையே. இறந்த சின்னப்பரை, அத்தனாசியார் கொடுத்த போர்வையில் சுற்றி அந்தோனியார் அடக்கம் செய்தார், இரு சிங்கங்கள் குழி தோண்டின என்கிறார் எரோணிமுஸ். அத்தனாசியார் நூலில் சின்னப்பரின் பெயரே இல்லை. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று எரோணிமுஸின் காலத்திலேயே பேசினவர்கள் இருந்தார்கள்.

போர்வையைப் பற்றி அத்தனாசியார் சொல்வது வேறு. எகிப்தியர் சிலர் புனிதரின் உடலைப் புதைக்காமல் துணி சுற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தோனியாருக்குப் பிடிக்கவில்லை. எனவே தம்மோடிருந்த சீடர் இருவரிடமும், தம்மைப் புதைக்கும் இடத்தை எவருக்கும் சொல்லக் கூடாதென்று கட்டளையிட்டார். பிறகு தம் ஆஸ்தியைப் பங்கிட்டார். ஓர் ஆட்டுத்தோல் அத்தனாசியாருக்கு, மற்றோர் ஆட்டுத்தோல் செராப்பியோன் மேற்றிராணியாருக்கு, மயிராடை சீடர்களுக்கு. தாம் விரித்துப் படுத்திருந்த போர்வையையும் அத்தனாசியாருக்கே அனுப்பச் சொன்னார். புதிதாக அவர் கொடுத்தது. தம்மிடம் இருந்து பழசாகிப் போயிற்று என்று சொல்லியனுப்பினார்.