கர்னிய்யா: தெளிந்த திரையை அளந்த வரலாறு

கண்ணின் முன்புறத்தே அமைந்த தெளிந்த படலத்தை அரபு மருத்துவர்கள் ‘கர்னிய்யா’ என்றழைத்தனர். ‘கர்ன்’ என்றால் கொம்பு. கிரேக்கர் இட்ட இப்பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோரால் அரபுக்கு வந்தது. பின்னர் இலத்தீனில் ‘கார்னியா’ என வழங்கலாயிற்று.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (சுமார் 965–1040), ஏழு பாகங்கள் கொண்ட தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், பொருள்களிலிருந்து வரும் ஒளியே பார்வைக்குக் காரணம் என நிறுவினார். அவருக்குக் கர்னிய்யா, ஒளியை உள்ளே விடும் தெளிந்த ஊடகம்.

அத்தெளிவு அத்துணை எளியதன்று என்பது பிற்காலத்தில் புலப்பட்டது. 1669இல் டென்மார்க்கின் பார்த்தலின், ஐஸ்லாந்துப் படிகத்தினூடே பொருள்கள் இரண்டாகத் தோன்றக் கண்டார். 1808இல் பிரெஞ்சு அறிஞர் மாலு, எதிரொளிக்கும் ஒளியும் தளவிளைவு அடைவதைக் கண்டறிந்தார். ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமைவதையே தளவிளைவு என்கிறோம்.

கர்னிய்யாவும் அப்படிகத்தை ஒத்ததே. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள அதில் கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் இழைகள் ஒரு திசை நோக்கியவை. ஆகவே, வெவ்வேறு தளங்களில் அதிரும் ஒளி வெவ்வேறு வேகத்தில் கடக்கிறது; ஒன்று மற்றொன்றினும் பின்தங்குகிறது. 1987இல் வான் பிளொக்லாண்ட், வெர்ஹெல்ஸ்ட் இருவரும் உயிருள்ள மனிதக் கண்ணில் இதனை அளந்து, இரு அச்சுகள் கொண்ட படிகத்திற்கு அதனை ஒப்பிட்டனர்.

இது வெறும் ஏட்டறிவன்று. கிளாக்கோமா நோய், வலியின்றியே கண் நரம்பிழைகளை அழிக்க வல்லது. அவ்விழைகளின் கனத்தைத் தளவிளைவுற்ற லேசர் ஒளியால் அளக்கும் கருவிகள் வந்தன. ஆனால், அவ்வொளி போகையிலும் மீள்கையிலும் கர்னிய்யாவைக் கடந்தாக வேண்டும். முதற்கருவிகள், எல்லாக் கண்களுக்கும் பின்னடைவு 60 நானோமீட்டர், அச்சு மூக்குப்புறம் 15 பாகை கீழ்நோக்கியது எனக் கொண்டு கழித்தன. கண்களோ ஒன்றுபோல் இல்லை. நலமுள்ள கண் நோயுற்றதாகவும், நோயுற்ற கண் நலமுள்ளதாகவும் தோன்ற இடமுண்டாயிற்று. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒவ்வொருவரின் கர்னிய்யாவையும் தனியே அளந்து கழிக்கும் முறை வந்த பின்னரே இப்பிழை பெரிதும் குறைந்தது.

இப்னுல் ஹைஸம் தளவிளைவை அறிந்திருந்தார் என நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை, அவர் அறிந்திருக்கவில்லை. முன்னோர் கூற்றையும் ஆராயாது ஏற்கலாகாது, ஆராய்பவன் தன்னையும் ஐயுற வேண்டும் எனப் பத்லமியூஸ் பற்றிய தமது நூலில் அவர் வலியுறுத்தினார். பார்க்கும் பொருளை அளக்குமுன், இடைநிற்கும் திரையையும் அளந்தறிந்தோர் அந்நெறியிலேயே நடந்தனர். நாம் பேணத்தக்க மரபு அதுவேயாகும்.