ஒற்றைக் கையுறை

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் மெக்நிக்கல்ஸ் அரங்கம். கம்பி வலை அடைத்த எண்கோண மேடைக்குள் ஆர்ட் ஜிம்மர்சன் வந்து நிற்கிறார். செயின்ட் லூயிஸ் நகரத்துக் குத்துச்சண்டை வீரர். அவருடைய இடது கையில் மட்டும் ஒரு பாக்ஸிங் கையுறை. வலது கை வெறும் கை. எதிரில் வெள்ளை உடையில் ஒல்லியான பிரேசில்காரர், ராய்ஸ் கிரேசி.

கிரேசி சட்டென்று குனிந்து ஜிம்மர்சனின் கால்களை வாரிக் கீழே சாய்த்தார். மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தார். அடி பலமாக விழவில்லை, கழுத்தும் நெரிபடவில்லை. ஆனால் எழுந்திருக்க வழி தெரியாத ஜிம்மர்சன், 2 நிமிடம் 18 நொடியில் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கையுறைக்குள் மடங்கிக் கிடந்த ஐந்து விரல்களால் எதைப் பிடித்து எழுவது?

யு.எஃப்.சி. என்ற சண்டைப் போட்டி அமைப்பின் முதல் நாள் அது. குத்துச்சண்டைக்கும், எம்.எம்.ஏ. என்ற கலப்புத் தற்காப்புக் கலைக்கும் நடுவே ரசிகர்களுக்காக இன்றுவரை நடக்கும் போட்டியின் முதல் காட்சியும் அதுதான். அந்த ஒற்றைக் கையுறை எங்கிருந்து வந்தது, பிறகு எங்கே போனது என்று பின்தொடர்ந்தால், இரண்டும் ஜென்மப் பகைவர்கள் அல்ல, பங்காளிகள் என்பது புரியும்.

பழைய வீடு கிரேக்கத்தில் இருக்கிறது. ஒலிம்பியாப் போட்டிகளில் கி.மு. 688இல் குத்துச்சண்டை நுழைந்தது. நாற்பதே ஆண்டுகளில், கி.மு. 648இல், குத்தும் மல்லும் கலந்த பாங்கிராத்தியோன் வந்து சேர்ந்தது. குத்துபவன் கையில் மாட்டுத் தோல் வாரைச் சுற்றிக்கொண்டான். பிடித்துப் புரட்டவும் வேண்டியிருந்த பாங்கிராத்தியோன் வீரன் வெறும் கையோடு இறங்கினான். கையில் என்ன இருக்கிறது என்பதுதான் என்ன விளையாட்டு என்பதைச் சொல்லியது. இரண்டுக்கும் களமும் கூட்டமும் ஒன்றே.

கையுறை என்று நாம் அறிந்த பொருள் பிறந்தது 18ஆம் நூற்றாண்டு லண்டனில். ஜாக் பிராட்டன் 1743இல் குத்துச்சண்டைக்கு முதல் எழுத்து விதிகளை வகுத்தார். தன்னிடம் பழக வந்த கனவான்களின் மூக்கு உடையாமலும் கண் வீங்காமலும் இருக்க, பஞ்சு வைத்த உறைகளைக் கொடுத்தார். அவை பயிற்சிக்கு மட்டும்தான். பணம் கட்டி நடந்த நிஜச் சண்டை வெறும் கையில்தான் நடந்தது. அதில் எதிரியை இடுப்பில் பிடித்துத் தரையில் வீசலாம், தவறில்லை. அதாவது, அன்றைய குத்துச்சண்டைக்குள் மல்லும் குடியிருந்தது.

1867இல் பாகப்பிரிவினை நடந்தது. ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் எழுதி, குவின்ஸ்பெரி பிரபுவின் பெயர் தாங்கி வந்த விதிகள், மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தால் பத்து எண்ணிக்கை என்று இன்றைய வடிவத்தைக் கொடுத்தன. கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுவது கூடாது, கையுறை கட்டாயம் என்ற இரண்டும் ஒரே தாளில் வந்தன. விரல்கள் உறைக்குள் மூடப்பட்டன. மல் வீட்டை விட்டு வெளியேறியது. 1889இல் மிசிசிப்பியில் ஜான் எல். சல்லிவன், ஜேக் கில்ரெய்னை 75 ரவுண்டுகள் வெறும் கையால் அடித்து வென்றதே கடைசி வெறுங்கை ஹெவிவெயிட் பட்டம். மூன்றே ஆண்டில், நியூ ஆர்லியன்ஸில் கையுறை அணிந்து நடந்த போட்டியில், அதே சல்லிவனை 21ஆவது ரவுண்டில் ஜிம் கார்பெட் வீழ்த்தினார்.

இங்கே ஓர் உண்மையை நின்று பார்க்க வேண்டும். மனிதக் கையில் 27 எலும்புகள். மண்டை ஓட்டில் வெறும் கையால் ஓங்கிக் குத்தினால் முதலில் உடைவது குத்தியவன் கைதான். அதனால் பழைய வீரர்கள் தலையில் அடிக்கத் தயங்கினார்கள். கையுறை வந்ததும் அந்த அச்சம் போயிற்று. தலையை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றாயிற்று. 1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களுக்கு நாள்பட வரும் மூளைப் பாதிப்பைப் பற்றி எழுதினார். கையுறை காப்பது அடிப்பவனின் கையை. அடிபடுபவனின் தலையை அல்ல. ஆனால் ரத்தம் குறைந்தது, முகம் கிழிவது குறைந்தது. சட்டமும் கூட்டமும் இதை விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டன. கையுறை பார்ப்பவரின் மனச்சாட்சிக்கும் சேர்த்துத்தான் மாட்டப்பட்டது.

அந்தக் கையுறையோடு குத்துச்சண்டை உலகை ஆண்டது. அதன் உச்சம் முகமது அலி. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த வடசென்னைக்கு அது திருவிழா. அதே அலி, நான்கு ஆண்டுகளுக்கு முன், 1976 ஜூன் 26 அன்று டோக்கியோ புடோகானில் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியோடு மோதினார். இனோகி மல்லாந்து படுத்துக்கொண்டே 15 ரவுண்டும் அலியின் கால்களை உதைத்தார். அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். போட்டி சமன். கூட்டம் எரிச்சலோடு கலைந்தது. அலியின் கால்கள் வீங்கி ரத்தம் கட்டியது. நிற்பவனைப் படுத்திருப்பவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. அதைத்தான் டென்வரில் இரண்டே நிமிடத்தில் கிரேசி தீர்த்துவைத்தார்.

இனி இரண்டாவது கையுறை. 1973இல் வந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தின் முதல் சண்டையில், விரல் நுனிகள் வெளியே தெரியும் சிறு கையுறையை புரூஸ் லீ அணிந்திருப்பார். குத்தவும் முடியும், பிடிக்கவும் முடியும். 1867இல் மூடப்பட்ட விரல்கள் அங்கே திறந்துகொண்டன.

யு.எஃப்.சி. அந்தக் கையுறைக்கு வந்தது நெருக்கடியில். தொடக்க ஆண்டுகளில் அங்கே விதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. குத்துச்சண்டையின் தீவிர ரசிகரான செனட்டர் ஜான் மெக்கெய்ன், மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை இது என்று சாடி, தடை கோரி மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பைக் கைவிட்டன. 1997இல் யு.எஃப்.சி. 14ஆம் போட்டியில் கையுறை கட்டாயமானது. 2000 நவம்பரில் நியூ ஜெர்சியில் புதிய பொது விதிகளின் கீழ் போட்டி நடந்தது. குவின்ஸ்பெரி காலத்துக் கதைதான் திரும்பியது. கூட்டமும் சட்டமும் முகம் சுளித்தபோது, ஒரு கையுறை வந்து மானம் காத்தது.

2001இல் 20 லட்சம் டாலருக்கு யு.எஃப்.சி.யை வாங்கிய ஃபெர்டிட்டா சகோதரர்களில் ஒருவரான லொரென்சோ, நெவாடாவில் குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர். நிர்வாகத்தை ஏற்ற டேனா ஒயிட், பாக்ஸிங் பயிற்சி வகுப்பு நடத்தியவர். புது வீட்டைக் கட்டியவர்கள் பழைய வீட்டிலிருந்து போனவர்களே. 2005 ஏப்ரல் 9 அன்று ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் பானரும் தொலைக்காட்சியில் மூன்று ரவுண்டும் மூச்சுவிடாமல் மோதியபோது ரசிகர் கூட்டம் அங்கே திரும்பிவிட்டது. 2016இல் நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்குக் கைமாறியது.

குத்துச்சண்டை ரசிகன் ஏன் போனான்? அவன் கேட்டது எளிய கேள்வி: இன்றைக்கு யார் சிறந்தவன்? குத்துச்சண்டை அதற்கு நான்கு அமைப்புகளின் நான்கு சாம்பியன்களைக் காட்டியது. அதன் இரு பெரும் நட்சத்திரங்களான மேவெதரும் பாக்கியாவும் மோதுவார்கள் என்ற பேச்சு 2009இல் தொடங்கியது. போட்டி நடந்தது 2015 மே 2 அன்று, இருவரும் முப்பதின் பின்பாதியில் இருந்தபோது. 46 லட்சம் பேர் பணம் கட்டிப் பார்த்தார்கள், பலர் ஏமாந்தார்கள். மறுபக்கம் யு.எஃப்.சி. ஒரே அமைப்பாக இருந்ததால், சிறந்தவனைச் சிறந்தவனோடு சீக்கிரம் மோதவிட்டது. கையுறை சிறியதென்பதற்காக மட்டும் அவன் போகவில்லை. காத்திருக்க வைக்கப்பட்டதால் போனான்.

ஆனால் வீரர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். காரணத்தைக் கையுறையின் எடையிலேயே பார்க்கலாம். எம்.எம்.ஏ. கையுறை நாலு அவுன்ஸ், சுமார் 113 கிராம். கானர் மெக்ரிகர் அதை அணிந்து 2016இல் நேட் டயஸோடு மோதியபோது அறிவிக்கப்பட்ட சம்பளம் 30 லட்சம் டாலர். மறு ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று லாஸ் வேகாஸில் மேவெதரோடு குத்துச்சண்டை ஆடியபோது 3 கோடி டாலர். அந்தப் போட்டியின் எடைப் பிரிவுக்கு 10 அவுன்ஸ் கையுறைதான் விதி. இரு தரப்பும் கேட்டதால் நெவாடா ஆணையம் அந்த ஒருமுறை 8 அவுன்ஸுக்கு அனுமதி தந்தது. குறைந்தது வெறும் 57 கிராம். அந்த 57 கிராம் யாருக்குச் சாதகம் என்று வாரக்கணக்கில் உலகமே வாதாடியது. பத்தாவது ரவுண்டில் நடுவர் போட்டியை நிறுத்தினார்; மேவெதர் வென்றார்.

இந்தப் பயணத்தை முழுதாக நடந்து பார்த்தவர் ஃபிரான்சிஸ் நகானு. கேமரூனில் சிறுவயதில் மணல் குவாரியில் வேலை செய்தவர். குத்துச்சண்டை வீரனாக வேண்டும் என்ற கனவோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே எம்.எம்.ஏ. அவரை இழுத்துக்கொண்டது; யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். குத்துச்சண்டையும் ஆட உரிமை வேண்டும் என்றார், உடன்பாடு எட்டவில்லை. 2023 ஜனவரியில் பட்டத்தை விட்டுவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று ரியாத்தில், மூன்றாவது ரவுண்டில், ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃபியூரியை இடது கை ஹுக்கால் தரையில் உட்காரவைத்தார். தீர்ப்பு ஃபியூரிக்குப் போனாலும், ஒரு நடுவர் நகானுவுக்கே வெற்றி எழுதினார். அடுத்த மார்ச்சில் ஆந்தனி ஜோஷுவா இரண்டாவது ரவுண்டிலேயே அவரை நாக் அவுட் செய்தார். அக்டோபரில் மறுபடி நாலு அவுன்ஸ் கையுறைக்குத் திரும்பி, முதல் ரவுண்டிலேயே வென்றார். ஒரே கை, ஒரு வீட்டில் ராஜா, மறு வீட்டில் மாணவன்.

இரண்டு கையுறைகளும் இன்னும் முழுமை அடையவில்லை. விரல் திறந்த கையுறையால் கண்ணில் விரல் பாய்கிறது. அதைக் குறைக்க 2024 ஜூனில் யு.எஃப்.சி. புதிய வடிவம் கொண்டுவந்து, நவம்பரில் பழையதற்கே திரும்பியது. 2025 அக்டோபரில் அபுதாபியில் ஹெவிவெயிட் பட்டப் போட்டியே கண்ணில் பட்ட விரலால் முதல் ரவுண்டில் முடிவில்லாமல் நின்றது.

பங்காளிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. குத்துச்சண்டை வீரரின் பணத்தையும் ஒப்பந்தத்தையும் காக்க அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் அலியின் பெயரிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. எம்.எம்.ஏ. வீரருக்கு அது பொருந்தாது. தங்களுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று வீரர்கள் தொடுத்த வழக்கில் 2024இல் யு.எஃப்.சி. 37.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டம் கூண்டுக்குள்ளும் வர வேண்டும். சிறந்தவனைச் சிறந்தவனோடு காலம் தாழ்த்தாமல் மோதவிடும் பழக்கம் ரிங்குக்குள் வர வேண்டும். எந்தப் பக்கம் கைதட்டினாலும், ரசிகன் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

போட்டிக்கு முன் உடைமாற்றும் அறையில் நடப்பதைப் பாருங்கள். பயிற்சியாளர் எதிரில் உட்கார்ந்து, நீட்டிய கையில் துணியை மணிக்கட்டிலிருந்து விரலிடுக்குகள் வழியாகச் சுற்றுகிறார். மேலே டேப் ஒட்டுகிறார். ஆணைய அதிகாரி குனிந்து சோதித்து, டேப்பின் மேல் பேனாவால் கையெழுத்துப் போடுகிறார். அதுவரைக்கும் அது எந்த விளையாட்டு என்று சொல்ல முடியாது. அதன் பிறகுதான் கையுறை வருகிறது.