ஏறின கியரிலேயே இறங்குங்கள்

நம்ம அரியூர்ப் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரை, பள்ளம் என்றால் வாய்க்கால். சங்கராபரணி ஆற்றில் இறங்கி ஏறினால் அதுவே நமக்கு மலை. அப்படிப்பட்ட நாம், அறுப்பு முடிந்த கையோடு வேன் பேசிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்தப் பாதை எப்படி உண்டாயிற்று என்று தெரிந்தால், அதில் எப்படிப் போவது என்பதும் விளங்கிவிடும்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். அப்போது மலைவாசிகள் நடந்து நடந்து தேய்ந்த தடங்கள்தான் வழி. 1821 முதல் 1823 வரை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை வெட்டினார்கள். கைதிகளின் உழைப்பும் அதில் உண்டு. 1830-களின் தொடக்கத்தில் பட்டாளத்துப் பயனியர்கள் குன்னூர் வழியைப் போட்டார்கள். அதுவோ மாட்டு வண்டிக்கு ஒத்துவராத செங்குத்து. வண்டி போக வேண்டும் என்றே புதுப்பாதை போட்டு முடித்தது 1871-இல்.

புதுப்பாதையில் என்ன செய்தார்கள்? நாம் ஏரிக்கரை மேல் பார வண்டியை நேரே ஏற்றுவோமா? சாய்வாகத்தானே ஓட்டுவோம்! அதே யுக்திதான். தூரத்தைக் கூட்டி ஏற்றத்தைக் குறைத்தார்கள். இன்று மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. மாட்டின் மூச்சுக்கு அளந்து போட்ட வழி அது. எஞ்சின் வந்துவிட்டது என்பதற்காகச் சரிவு மாறிவிடுமா?

1899-இல் குன்னூருக்கு ரயிலும் வந்தது. 12 அடி போனால் ஏறக்குறைய ஓர் அடி ஏற்றம். வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்தார்கள். ஏறவும் இறங்கவும் அந்தப் பல்தான் பிடி.

நம்ம வேனுக்கும் பல் இருக்கிறது. கியரைத்தான் சொல்கிறேன். ஒரு முறை நாங்கள் ஊட்டியிலிருந்து இறங்கும்போது, டிரைவர் தம்பி டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டார். பர்லியாறு வருவதற்குள் கருகல் நாற்றம். பிரேக் மிதி இறங்கிப் போகிறது! பக்கச் சுவரை ஒட்டி எப்படியோ நின்றது வண்டி. பின்னால் பிள்ளைகுட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

காரணம் இதுதான். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து அழுத்தினால் சூடேறும். சூடேறினால் பிடிப்பு போகும், எண்ணெயும் கொதித்துவிடும். எஞ்சினை அணைத்தாலோ பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஆகவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். நாற்றம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். அது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

ஊட்டிக்கே போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெல்லோ கரும்போ ஏற்றிய டிராக்டர் ஏரிக்கரையில் இறங்கும்போதும் இதே விதிதான். இரண்டு பிரேக் மிதியையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிரெய்லர் டிராக்டரையே புரட்டிவிடும்.

அன்று மாடு பார்த்துப் பார்த்து வைத்த அடியை, இன்று நாம் கியரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.